கணக்கு வராத பிள்ளைகள் என்று நினைத்து இரண்டு டெர்மைத் தொலைத்தேன்

போன வருஷம் ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒர்க்‌ஷீட் பிரிண்ட் எடுக்க மட்டும் என் கைக்காசில் 3400 ராண்ட் (இங்கே தென்னாப்பிரிக்காவில் காசுக்கு ராண்ட் என்று பெயர்) போனது. கூடவே பதினான்கு சனிக்கிழமைகள். சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் காலையில் சாப்பிடாமல் வருவார்கள் என்பதால் ரொட்டி, ஜூஸ் என்று இன்னொரு 1500 ராண்ட். இவ்வளவும் செய்த பிறகும் ஜூன் பரீட்சையில் என் எட்டாம் கிரேடு பிள்ளைகளின் மார்க் மார்ச்சில் எங்கே இருந்ததோ அங்கேயேதான் நின்றது. அன்று ராத்திரி விடைத்தாள் கட்டைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு அழுதேன். வீட்டுக்காரர் "விடும்மா, ஊருக்கே திரும்பிப் போயிடலாம்" என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டது. முதல் வாரத்திலேயே யாராவது ஒருத்தர் என்னை உட்கார வைத்து, "பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்வதற்கு முன்னால் கேள்வியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பாரு" என்று சொல்லியிருந்தால் இந்த ஆறு மாதம் மிஞ்சியிருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

நான் தூத்துக்குடிப் பக்கம். ஒன்பது வருஷம் அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரருக்கு டர்பன் துறைமுகம் சார்ந்த வேலை கிடைத்ததும் இங்கே வந்தோம். சான்றிதழ் மதிப்பீடு, ஆசிரியர் பதிவு எல்லாம் முடிய பல மாதம் ஆனது, அது தனிக் கதை. கடைசியில் டர்பனில் சாட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் கிரேடு கிடைத்தது. வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். முக்கால்வாசி உம்லாசி பக்கமிருந்து வரும், ஜூலு மொழி பேசும் ஆப்பிரிக்கப் பிள்ளைகள். மூன்றாம் கிரேடு வரை ஜூலுவில் படித்துவிட்டு நான்காம் கிரேடிலிருந்து எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் படிப்பவர்கள். மிச்சம் நம் வம்சாவளிப் பிள்ளைகள். 1860-ல் மெட்ராஸிலிருந்து முதல் கப்பலில் வந்து இறங்கியவர்கள் தொடங்கி எத்தனையோ தலைமுறை தாண்டி, கவெண்டர், நாயுடு, பிள்ளை என்ற பெயரோடு வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களைப் பார்த்ததும் எனக்கு ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. இவர்களுக்காவது மொழிப் பிரச்சினை இருக்காது என்றும் நினைத்துக்கொண்டேன். அது தப்புக் கணக்கு.

முதல் அடி கமாவில் விழுந்தது. நம் ஊரில் ஆயிரத்து இருநூற்று ஐம்பதை 1,250 என்றுதான் எழுதுவோம். நானும் அப்படியே போர்டில் எழுதினேன். இங்கே கமா என்பது தசமப் புள்ளி. மூன்றரையை 3,5 என்று எழுதி "திரீ கமா ஃபைவ்" என்று படிப்பார்கள். ஆயிரத்துக்கு நடுவில் வெறும் இடைவெளிதான் விடுவார்கள். ஆக என் பிள்ளைகளுக்கு நான் எழுதியது ஒன்றேகால். ஆயத்தொலைவும் அதே கதை: நான் (3,5) என்று எழுதினால் அவர்களுக்கு அது மூன்றரை என்ற ஒற்றை எண். இங்கே அரைப்புள்ளி வைத்து (3; 5) என்று எழுத வேண்டும். இது தெரியாமல் முதல் வீட்டுப்பாடத்தில் பதினெட்டுப் பேருக்குச் சுழி போட்டேன். அவர்கள் எழுதியது சரி. ஒருத்தர்கூட எழுந்து "மேம், நீங்கள் எழுதியது வேறு" என்று சொல்லவில்லை. கணக்கு வகுப்பில் பேசுவது என்ற பழக்கமே அவர்களுக்கு இல்லை என்பதை நான் அங்கேயே கவனித்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு மார்க்கைத் திருத்திக் கொடுத்தேன், அவ்வளவுதான். வேறு நாட்டுக்குக் கணக்கு எடுக்கப் போகிறவர்கள் அங்கே எண்களை எப்படி எழுதுகிறார்கள், எப்படி வாயால் படிக்கிறார்கள் என்பதை முதல் நாளே அந்த ஊர்ப் பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை.

மார்ச் டெஸ்டில் வெறும் எண்களாகக் கொடுத்த கணக்குகளை முக்கால்வாசிப்பேர் போட்டிருந்தார்கள். வாக்கியக் கணக்குகள் வரிசையாகக் காலி. "ஏன் என்று விளக்கு" என்ற கேள்விக்கு நம் வம்சாவளிப் பிள்ளைகளும் சேர்த்து யாருமே எழுதவில்லை. இந்த அடையாளம் கண் முன்னால் இருந்தும் என் புத்தி எப்படிப் போனது தெரியுமா? அடிப்படை சரியில்லை, இன்னும் பயிற்சி வேண்டும் என்று போனது. துறைத் தலைவரும் பாடத்திட்ட அட்டவணையைக் காட்டி, பின்தங்கிவிட்டோம், வேகத்தைக் கூட்டுங்கள் என்றார். வாரத்துக்கு நாலரை மணி நேரம்தான் கணக்குக்கு. அதனால் இன்னும் சனிக்கிழமை, இன்னும் ஒர்க்‌ஷீட். தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போட வைத்து ஆறு மாதம் ஓட்டினேன்.

என் கண்ணைத் திறந்தது ஒரு டாக்ஸிப் பயணம். இங்கே டாக்ஸி என்றால் பதினைந்து பேர் போகும் வேன். ஏறி உட்கார்ந்ததும் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுப்போம், அவர் அதற்கு முன்னால் இருப்பவரிடம் கொடுப்பார். கடைசியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லாவற்றையும் எண்ணி, சில்லறையைப் பின்னால் அனுப்ப வேண்டும். ஜூன் பரீட்சை முடிந்த மறுநாள் என் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் டாக்ஸியில் போனேன். முன்சீட்டில் என் வகுப்புப் பையன் உட்கார்ந்திருந்தான். கட்டணம் 16 ராண்ட். பின்னாலிருந்து ஒரு ஐம்பது வந்தது, ரெண்டு பேருக்கு. ஒரு நூறு வந்தது, மூணு பேருக்கு. ஒரு இருபது. அவன் தலையைத் திருப்பவே இல்லை. மடியில் நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு பதினெட்டு, ஐம்பத்திரண்டு, நாலு என்று சில்லறையைப் பிரித்துப் பிரித்துப் பின்னால் அனுப்பிக்கொண்டே இருந்தான். ஒரு செண்ட் தப்பவில்லை. முந்தின நாள் அவன் விடைத்தாளில் ஏழாம் கேள்வி காலி. அந்தக் கேள்வி: ஒரு டிக்கெட் 18 ராண்ட், தாபோ தனக்கும் இரண்டு நண்பர்களுக்கும் டிக்கெட் வாங்கி 100 ராண்ட் கொடுத்தான், மீதிக்குக் கோவை (எக்ஸ்பிரஷன்) எழுதிக் கண்டுபிடி. நான் அவனுக்குக் கொடுத்திருந்தது 50-க்கு 11. டாக்ஸியிலிருந்து இறங்கும்போது என் கை நடுங்கியது.

லீவில் உட்கார்ந்து படித்தேன். 1977-லேயே ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்ற ஆசிரியை ஒரு முறையை எழுதி வைத்திருக்கிறார். தப்பாகப் போட்ட கணக்கைப் பிள்ளையிடம் கொடுத்து ஐந்து கேள்வி கேட்க வேண்டும். கேள்வியைப் படித்துக் காட்டு. என்ன கேட்டிருக்கிறார்கள் என்று சொல். எப்படிப் போடப் போகிறாய்? போட்டுக் காட்டு. இப்போது விடையை முழுசாக எழுது. எந்தக் கேள்வியில் பிள்ளை தடுக்கி விழுகிறதோ அங்கேதான் ஓட்டை. ஜூலையில் பள்ளி திறந்ததும் இடைவேளையில் ஆளுக்கு நாலைந்து நிமிஷம் என்று பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்தேன். காசு ஒரு செண்ட் செலவில்லை. பன்னிரண்டில் ஒன்பது பேர் முதல் மூன்று கேள்வியிலேயே விழுந்தார்கள். கூட்டல் பெருக்கலுக்கு அவர்கள் வந்து சேரவே இல்லை. நான் ஆறு மாதம் பயிற்சி கொடுத்ததோ நாலாவது கேள்விக்கு. ஒரு பெண் "இரண்டு அடுத்தடுத்த எண்களின் புராடக்ட்" (பெருக்கி வரும் விடை) என்பதைப் படித்துவிட்டு, "மேம், புராடக்ட் என்றால் கடையில் விற்கிற சாமான்தானே?" என்று கேட்டாள். ஒரு கவெண்டர் பையனிடம் 15-க்கும் 9-க்கும் டிஃபரன்ஸ் என்ன என்று கேட்டேன். "ஒன்றில் ரெண்டு இலக்கம், இன்னொன்றில் ஒரு இலக்கம்" என்றான். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளை அவன். கணக்கு ஆங்கிலம் யார் வீட்டிலும் பேசாத ஆங்கிலம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெட்கமாக இருந்தது, ஏனென்றால் இது எனக்கே நடந்தது. பத்தாவது வரை தமிழ் மீடியம். ப்ளஸ் ஒன்னில் ஆங்கில மீடியம் போனேன். அதுவரை இணைகரம் என்றால் பெயரைக் கேட்டதுமே இணையான பக்கங்கள் கண்ணில் தெரியும். சராசரி, வகுத்தி, மடங்கு எல்லாம் வாயில் புழங்கிய சொற்கள். ஜூன் மாதம் திடீரென்று அத்தனையும் வேற்றுச் சத்தமாக மாறியது. விடை தெரியும், சொல்ல வாய் வராது. மூன்று மாதம் பின்பெஞ்சில் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். அந்தப் பின்பெஞ்சை எப்படி மறந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சரி, பிரச்சினை தெரிந்துவிட்டது என்று உற்சாகத்தில் இறங்கி இன்னொரு மாதத்தையும் வீணாக்கினேன். நாற்பது கணக்குச் சொற்களும் அர்த்தமும் அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். செய்தார்கள். புராடக்ட் என்றால் என்ன என்று கேட்டால் ஒப்பித்தார்கள், கணக்கில் வந்தால் விழித்தார்கள். அதைவிட மோசமானது, "மோர்" (அதிகம்) என்று வந்தால் கூட்டு, "லெஃப்ட்" (மீதி) என்று வந்தால் கழி என்று நானே குறுக்குவழி சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வாரமே ஒரு கணக்கு: சிஃபோவிடம் 15 ராண்ட் இருக்கிறது, அது நோம்சாவிடம் இருப்பதைவிட 6 அதிகம், நோம்சாவிடம் எவ்வளவு? வகுப்பே 21 என்று எழுதியது. "மோர்" இருக்கிறதே, நான்தானே கூட்டச் சொன்னேன். தயவுசெய்து அந்தக் குறுக்குவழியைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். படிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது அது. ஆங்கில வாக்கியத்தின் வரிசை வேறு கழுத்தை அறுக்கும். "ஒரு எண்ணைவிட 5 குறைவு" என்று தமிழில் சொன்னால் எண் முதலில் வருகிறது, x − 5 என்று கை தானாக எழுதும். ஆங்கிலத்தில் ஐந்து முதலில் வரும், பிள்ளைகள் 5 − x என்று எழுதுவார்கள். பின்னத்திலும் நாம் "நான்கில் மூன்று" என்று கீழேயிருந்து மேலே போகிறோம், அவர்கள் மேலேயிருந்து கீழே. எந்த மொழி நல்லது என்று இதில் ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் பிள்ளை தடுக்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்தால் போதும்.

முதலில் பலன் தந்தது ஒரு விளையாட்டு. இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். ஒருத்தர் கையில் சீட்டு, அதில் ஒரு கோவை. அவர் படிக்க, மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். சீட்டில் 2(x + 3). ஒரு பெண் "டூ எக்ஸ் பிளஸ் திரீ" என்று படித்தாள், இன்னொருத்தி 2x + 3 என்று எழுதினாள். சீட்டைத் திருப்பிப் பார்த்ததும் "நீ சொன்னதைத்தானே எழுதினேன்!" என்று சண்டை. அந்தச் சண்டையை நான் நிறுத்தவில்லை. அடைப்புக்குறியை வாயால் எப்படிச் சொல்வது என்று அவர்களே பத்து நிமிஷம் வாதாடி, "எக்ஸும் மூன்றும் சேர்ந்த மொத்தத்தின் இரண்டு மடங்கு" என்ற இடத்துக்கு வந்தார்கள். பங்கீட்டுப் பண்பை, அதாவது வெளியே இருக்கும் எண் அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் பெருக்கும் என்பதை, நான் அதற்கு முன் நாலு பீரியட் நடத்தியிருந்தேன். அன்று அந்தப் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

வாக்கியக் கணக்குக்கு மூன்று தடவை படிக்கும் முறையைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை எண்களையும் கேள்வியையும் மறைத்துவிட்டுக் கதையை மட்டும் படிப்போம். யார், என்ன செய்கிறார்கள்? இரண்டாம் தடவை எண்களோடு. இந்த 8 எதைக் குறிக்கிறது, ராண்டா, கிலோமீட்டரா? அப்புறம்தான் கேள்வி. இப்படிச் செய்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. டாக்ஸி ஏறினால் 10 ராண்ட், அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 8 ராண்ட் என்று ஒரு கணக்கு. y = 8x + 10 வர வேண்டும். ஒரு பையன் "மேம், எந்த டாக்ஸியில் கிலோமீட்டருக்குக் காசு வாங்குவார்கள்?" என்று கேட்டான். அவர்கள் வாழ்க்கையில் டாக்ஸிக்கு ஒரு ரூட்டுக்கு ஒரே காசு. மீட்டர் டாக்ஸியில் அந்த வகுப்பில் யாரும் ஏறியதே இல்லை. எண்களை மறைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி வெளியே வந்திருக்காது, அவர்களுக்கு நேர்கோட்டுச் சமன்பாடு வரவில்லை என்று நான் குறித்துக்கொண்டிருப்பேன். ஒரு கணக்குக்கு இருபது நிமிஷம் ஆகும். ஐந்து கணக்குப் போட வேண்டிய பீரியடில் இரண்டுதான் முடியும். மனம் பதறும், பழகிக்கொள்ள வேண்டும்.

பேச வைப்பதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, அதிகம் பேர் வாய் திறக்கிறார்கள் என்று அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே காட்டியிருக்கிறார். நான் மனசுக்குள் தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ண ஆரம்பித்தேன். முதல் நாள் அந்த மூன்று விநாடி மூன்று நிமிஷமாகத் தெரிந்தது. அதோடு, பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் ஜூலுவில் பேசிக்கொள்ளலாம் என்று அனுமதித்தேன். வகுப்பு இரைச்சலாக இருக்கிறது என்று பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது. ஜூலுவில் பேச விட்டால் ஆங்கிலம் எப்படி வரும் என்று துறைத் தலைவர் கேட்டார். இந்த நாட்டிலேயே ஜில் அட்லர், மமோக்கெத்தி பாகெங் போன்ற கணக்குக் கல்வி ஆய்வாளர்கள் பல வருஷமாக இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள், 1997-ன் கல்வி மொழிக் கொள்கையும் பல மொழிகளுக்கு இடம் கொடுக்கிறது என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன். அரைமனதாகச் சம்மதித்தார். நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். ஹ்லங்கனிசா என்றால் ஒன்றுசேர், கூட்டு. சுசா என்றால் எடுத்துவிடு, கழி. என் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே சிரித்துத் திருத்தியது. அன்றைக்குத்தான் பின்வரிசையில் இருந்த இரண்டு பேரின் குரலை முதல்முறையாகக் கேட்டேன். ஜூலுவில் சொன்னதை அப்படியே விட்டுவிடக் கூடாது. கூடப் படிப்பவர் ஒருத்தர் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், நான் அதைக் கணக்குச் சொல்லோடு திருப்பிச் சொல்வேன், சொன்ன பிள்ளை "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்றோ "இல்லை" என்றோ தீர்ப்புச் சொல்லும்.

எழுத்தில் நான் செய்த தப்பு சிவப்புப் பேனா. முதல் வாரம் விளக்கம் எழுதச் சொல்லி, எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் நாலு வரி எழுதியவர்கள் நாலு சொல் எழுதினார்கள். அதற்கப்புறம் ஆங்கிலத்தைத் தொடுவதில்லை. கணக்குக் கருத்து எங்கே புரியவில்லையோ அந்த ஒரு சொல்லை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, "இதை இன்னும் சொல்" என்று எழுதுவேன். பீரியட் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, இன்று வராத நண்பனுக்கு இன்றைய பாடத்தை இரண்டு வரியில் எழுது என்பேன். −5 − 3 ஏன் −8 என்பதற்கு ஒரு பெண் எழுதினாள்: டக்‌ஷாப்பில் (பள்ளிக் கடை) எனக்கு ஐந்து ராண்ட் கடன், திரும்பவும் மூன்று ராண்டுக்குச் சிப்ஸ் வாங்கினேன், அந்த ஆண்ட்டி இப்போது எட்டு ராண்ட் கேட்கிறார். நான் ஒன்பது வருஷமாக எண்கோடு வரைந்து சொன்ன எந்த விளக்கமும் இதற்குக் கிட்ட வராது. ஒன்று மட்டும் கவனம்: ஐந்து வகுப்பு, ஆளுக்கு இரண்டு வரி என்றால் தினம் இருநூறு தாள். முதல் வாரமே தூக்கம் போய்விட்டது. இப்போது ஒரு நாளைக்கு ஒரு வகுப்பின் தாளை மட்டும் வாசிக்கிறேன். மற்ற வகுப்புகளில் பக்கத்து ஆளே வாசித்து ஒரு கேள்வி எழுதித் தர வேண்டும்.

வருஷக் கடைசிப் பரீட்சையில் அற்புதமெல்லாம் நடக்கவில்லை. மார்க் ஏறியது, ஆனால் கொஞ்சம்தான். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, வாக்கியக் கணக்கைக் காலியாக விட்டவர்கள் ஏழெட்டுப் பேராகக் குறைந்ததுதான். தப்பாகவாவது எழுதியிருந்தார்கள். தப்பு எழுதினால் எங்கே தப்பு என்று எனக்குத் தெரியும். டாக்ஸிப் பையன் 50-க்கு 24 வாங்கினான். ஜனவரியிலேயே இதை ஆரம்பித்திருந்தால் அவன் இன்னும் நிறைய வாங்கியிருப்பான் என்ற எண்ணம் எனக்குப் போகவே இல்லை.

இந்த வருஷம் ஒர்க்‌ஷீட்டுக்குக் கைக்காசு போடவில்லை. முதல் இரண்டு வாரம் இடைவேளையில் ஐந்து கேள்வி, அப்புறம்தான் பாடம். போன வாரம் சமனின்மை ஆரம்பித்தேன். "அட் லீஸ்ட் 15" (குறைந்தபட்சம் 15) என்பதற்கு வகுப்பில் பாதி ≥ குறிக்குப் பதிலாக ≤ குறி போட்டது. லீஸ்ட் என்றால் குறைச்சல்தானே என்றார்கள். நான் ஒன்றும் சொல்லாமல், அட் லீஸ்ட் 15 பேர் ஏறினால்தான் கிளம்புவேன் என்று டாக்ஸி டிரைவர் சொல்கிறார், 14 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மனசுக்குள் எண்ணினேன். மூணு வருவதற்குள் ஒரு பெண் "போக மாட்டார் மேம், இன்னும் ஒருத்தர் வரணும்" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் குறியை அழித்துத் திருப்பிப் போட்டாள். நாளைக்கு "அட் மோஸ்ட்".